அடுத்த அடி என்னவென்று தெரியாமல் ஆடும் ஆட்டம்

அமெரிக்காவில் மாடர்ன் வெஸ்டர்ன் ஸ்கொயர் டான்ஸ் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு ஜோடியாக எட்டுப் பேர் சதுரமாக நிற்பார்கள். இசை ஓடத் தொடங்கும். மேடையில் மைக்கோடு நிற்கும் அழைப்பாளர் ஒரு நகர்வின் பெயரைச் சொல்வார், எட்டுப் பேரும் அதைச் செய்வார்கள். அது முடியும் தறுவாயில் அடுத்த பெயர் காதில் விழும். இப்படியே பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும். ஆடுகிற யாருக்கும் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாது. ஒத்திகை எதுவும் நடந்திருக்காது. எட்டுப் பேரில் சிலர் அன்று மாலைதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். ஆனாலும் ஜோடிகள் கலைந்து, வரிசையாகி, குறுக்கும் நெடுக்குமாகப் போய், கடைசியில் எல்லோரும் தத்தம் ஜோடியோடு தத்தம் இடத்தில் வந்து நிற்பார்கள்.

நியூ ஜெர்சியில் நான் போகும் கிளப் ஒரு சர்ச் ஹாலில் வாரம் ஒரு மாலை கூடுகிறது. நடனம் என்றால் விலகி நிற்கிற ஆள் நான். இந்த ஆட்டம் மட்டும் என்னைப் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம், இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு. உலகம் முழுக்க ஒரே பொருளில் வழங்கும் அழைப்புகளின் பட்டியல் ஒன்று. அந்தப் பட்டியலை மதித்து, அதற்குள்ளேயே புதுப்புது ஆட்டத்தை உருவாக்கத் தெரிந்த அழைப்பாளர்கள் இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாமல் இந்த ஆட்டம் ஒரு நாள்கூட நடக்காது என்பது என் எண்ணம்.

முதலில் அழைப்பு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். அழைப்பாளருக்கு முதுகைக் காட்டி நிற்பது முதல் ஜோடி. அங்கிருந்து வலப்பக்கமாக இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கை போகும். ஒன்றும் மூன்றும் ஹெட்ஸ், இரண்டும் நான்கும் சைட்ஸ். இனி ‘ஸ்விங் த்ரூ’ என்ற அழைப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் ஒரு வரிசையில் கைகோத்து நிற்கிறார்கள். ஆனால் ஒருவர் வடக்கே பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் தெற்கே பார்ப்பார், இப்படி மாறி மாறி. இந்த அமைப்புக்கு ஓஷன் வேவ் என்று பெயர். ஸ்விங் த்ரூ என்றதும், வலது கையைக் கோத்திருப்பவர்கள் அந்தக் கையைப் பிடித்தபடி அரை வட்டம் சுற்றி இடம் மாறுவார்கள். அப்புறம் இடது கையைக் கோத்திருப்பவர்கள் அதேபோல் அரை வட்டம். மொத்தம் ஆறு அடி. அவ்வளவுதான்.

இதன் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? வழக்கமாக அந்த வரிசையின் இரு ஓரத்திலும் இருப்பவர்கள் பக்கத்து ஆளோடு வலது கை கோத்திருப்பார்கள். அதனால் சுற்று முதலில் ஓரங்களில் நடந்து, பிறகு நடுவில் நடக்கும். புதிதாகக் கற்பவர்கள் இதைப் பார்த்து, ‘முதலில் ஓரம், அப்புறம் நடு’ என்று மனத்தில் பதிய வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் அழைப்பாளர் வரிசையைத் திருப்பி அமைத்துவிடுவார். இப்போது வலது கைகள் நடுவில் இருக்கும், இடது கைகள் ஓரத்தில். அதே ஸ்விங் த்ரூ இப்போது நடுவில் தொடங்கி ஓரத்தில் முடியும். ‘வலது முதலில், இடது பிறகு’ என்று விளக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இடத்தை மனப்பாடம் செய்தவர்கள் நின்றுவிடுவார்கள். விளக்கத்தில் ஓரமும் இல்லை, நடுவும் இல்லை, ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இப்படி எழுதப்பட்டிருப்பதால்தான் ஒரே அழைப்புக்கு இத்தனை முகங்கள் கிடைக்கின்றன.

இந்த விளக்கங்களை வெளியிடுவது காலர்லேப் என்ற பன்னாட்டு அழைப்பாளர் சங்கம். ஒவ்வோர் அழைப்புக்கும் எந்த அமைப்பிலிருந்து தொடங்கலாம், யார் என்ன செய்ய வேண்டும், முடிந்ததும் எப்படி நிற்பார்கள், எத்தனை அடி ஆகும், கையை எப்படிப் பிடிப்பது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்து முட்டிக்கொள்ள நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குக்கூட விதி உண்டு: வலது கையைக் கோத்து இருவரும் அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சட்டப் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். யாரோ சிலர் உட்கார்ந்து, ஒரு காலடி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்காக இத்தனை மெனக்கெட்டிருக்கிறார்கள்.

இந்த மெனக்கெடலுக்குப் பின்னே ஒரு நீண்ட கதை இருக்கிறது.

ஸ்கொயர் டான்ஸின் மூதாதைகள் ஐரோப்பியச் சபைகளில் ஆடப்பட்ட கொட்டிலியன், குவாட்ரில் போன்ற நடனங்கள். அவற்றை நடன ஆசிரியரிடம் காசு கொடுத்துக் கற்று, வரிசை மாறாமல் மனப்பாடமாக ஆட வேண்டும். யாராவது பக்கத்தில் நின்று அடுத்த அடியைச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் கறுப்பின இசைக்கலைஞர்கள் என்று நடன வரலாற்று ஆய்வாளர் ஃபில் ஜேமிசன் சான்றுகளோடு காட்டியிருக்கிறார். அவர்களில் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். வெள்ளைக்காரர்களின் விருந்துகளில் ஃபிடில் வாசித்தபடியே அடுத்த நகர்வையும் சொன்னார்கள். நடனப் பள்ளிப் பக்கமே போகாதவர்களும் அதனால் ஆட முடிந்தது. இந்தத் தகவல் ஸ்கொயர் டான்ஸ் வட்டாரத்திலேயே பலருக்குத் தெரியாது. கவ்பாய் தொப்பியையும் பூப்போட்ட பாவாடையையும் பார்த்தவர்கள் இதை வெள்ளை அமெரிக்காவின் தனிச் சொத்து என்று எண்ணிக்கொள்கிறார்கள். இந்த ஆட்டத்தின் உயிர்நாடியான அழைப்பாளர் என்ற பாத்திரத்தை யார் கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

20ஆம் நூற்றாண்டில் இதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் லாயிட் ஷா. கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே செயன் மவுண்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மலைப்பகுதிகளில் ஆடப்பட்ட பழைய நடனங்களைத் திரட்டி, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களை நாடு முழுக்க அழைத்துக்கொண்டு போய் ஆட வைத்தார். கோடை விடுமுறையில் அவர் நடத்திய வகுப்புகளுக்கு அழைப்பாளர்கள் தேடி வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. அதுவரை ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் சில சதுரங்களுக்குத்தான் கேட்கும். மைக் வந்ததும் ஒரே குரலுக்கு ஒரு தெருவே ஆடலாம். 1950-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரத் தெருவில் சுமார் 15,000 பேர் ஒரே இரவில் ஸ்கொயர் டான்ஸ் ஆடினார்கள். 1952-இல் ரிவர்சைடில் முதல் தேசிய மாநாடு நடந்தது.

கூட்டம் பெருகப் பெருக அழைப்பாளர்களுக்கு ஆசை வந்தது. பழைய நகர்வுகளே எத்தனை நாளைக்கு? ஆளாளுக்குப் புதிய அழைப்புகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில அருமையானவை. பெரும்பாலானவை ஒரு சீசன்கூடத் தாங்காதவை. பில் பர்ல்சன் என்பவர் அவற்றையெல்லாம் எண் போட்டுத் தொகுக்க ஆரம்பித்தார். அந்தத் தொகுப்பு ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. ஆடுகிறவர்கள் பாவம். இந்த வாரம் கற்றது அடுத்த மாதம் செல்லாது. பக்கத்து ஊர் கிளப்புக்குப் போனால் பாதி அழைப்புகள் புரியாது. ஒரே பெயருக்கு இங்கே ஓர் அர்த்தம், அங்கே ஓர் அர்த்தம். வகுப்பு முடித்தவர்களும் கழன்றுகொண்டே இருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் ‘செட்ஸ் இன் ஆர்டர்’ என்ற ஸ்கொயர் டான்ஸ் பத்திரிகையை 1948 முதல் நடத்தி வந்த பாப் ஆஸ்குட் இதை உன்னிப்பாகக் கவனித்தவர். அவரும் மூத்த அழைப்பாளர்கள் சிலரும் 1970-களின் தொடக்கத்தில் கூடிப் பேசியதன் விளைவுதான் காலர்லேப். அதன் முதல் மாநாடு 1974-இல் செயின்ட் லூயிஸில் நடந்தது. அங்கே கூடியவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். தன் கையிருப்பில் மற்றவனிடம் இல்லாத சரக்கு இருப்பதுதான் ஓர் அழைப்பாளரின் மவுசு. அதை விட்டுக்கொடுத்து, ‘இந்த மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைத் தாண்டி எதையும் திடீரென்று அழைக்க மாட்டோம்’ என்று ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அரசாங்க உத்தரவும் கிடையாது. மேடையில் நிற்பவர்கள் கீழே ஆடுகிறவர்களுக்காகத் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். புதிய அழைப்புகளுக்கும் வழி அடைத்துவிடவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை ஒருசிலவற்றை மட்டும் தேர்ந்து, ஆடிப் பார்த்து, தேறினால் சேர்ப்பது என்று நெடுநாள் ஒரு நடைமுறை வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு இருக்கும் படிநிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெயின்ஸ்ட்ரீம் என்பதில் சுமார் 70 அழைப்புகள். அதற்கு மேல் பிளஸ், இன்னும் சுமார் 30. பிறகு அட்வான்ஸ்ட், அதற்கும் மேலே சேலஞ்ச். சேலஞ்சின் உச்சப் படி ஆடுகிறவர்களைப் பார்த்தால் கணக்குப் புலிகள் கூட்டம் போல இருக்கும். நான் பிளஸ்ஸோடு நிற்கிறேன், அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது.

இனி அழைப்பாளரின் வேலைக்கு வருகிறேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு மாலை கூட்டிப்போயிருந்தேன். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவர் கேட்ட முதல் கேள்வி, “இவங்கல்லாம் எப்போடா ஒத்திகை பார்த்தாங்க?”

“ஒத்திகையே கிடையாதும்மா. அவர் சொல்றதைக் கேட்டு அப்பவே ஆடறதுதான்.”

“அப்போ அவர் தப்பாச் சொல்லிட்டார்னா?”

“அவரேதான் சரி பண்ணணும்.”

அம்மா சின்ன வயதில் பரதம் கற்றவர். நட்டுவனார் தட்டிக் கொடுக்கும் ஜதி ஆடுகிறவளுக்கும் மனப்பாடம். அரங்கேற்றத்தில் அவர் சொல்லப்போவது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இங்கே அழைப்பாளர் சொல்லப்போவது சில நேரம் அவருக்கே இரண்டு விநாடி முன்புதான் முடிவாகிறது. அம்மாவுக்கு அது பெரிய ஆச்சரியம். அதற்குப் பிறகு அவர் ஆடுகிறவர்களைப் பார்க்கவே இல்லை, மேடையில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டிய இடமும் அதுதான். இசை நிமிடத்துக்கு 120 முதல் 128 தாளத்தில் ஓடும். ஒரு தாளத்துக்கு ஓர் அடி. ஹெட்ஸ் ஜோடிகள் இரண்டும் ‘ஸ்கொயர் த்ரூ ஃபோர்’ என்ற அழைப்பைச் செய்ய 10 அடி. அந்த 10 அடியும் முடிந்த பிறகு அடுத்ததைச் சொன்னால், ஆடுகிறவர்கள் நின்று நின்று போவார்கள், ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். ரொம்ப முன்னால் சொன்னால் பதறிப்போய் முந்தையதை அரைகுறையாக விட்டுவிடுவார்கள். ஏழாவது எட்டாவது அடியில் அடுத்த அழைப்பு காதில் விழ வேண்டும். அப்போதுதான் கால் நிற்காது. ஒவ்வோர் அழைப்புக்கும் இத்தனை அடி என்று விளக்கத்திலேயே எழுதி வைத்திருப்பதன் பயன் இங்கே தெரியும். நல்ல அழைப்பாளரிடம் ஆடும்போது உடம்பு தானாகப் போவது போல இருக்கும். பக்கத்தில் நிற்பவர் கெட்டிக்காரர், நாமும் கெட்டிக்காரர் என்று தோன்றும். அந்த உணர்வைக் கொடுப்பது மேடையில் இருப்பவரின் நேரக்கணக்கு.

அடுத்தது, கலைத்ததைச் சேர்ப்பது. எட்டுப் பேரையும் கண்டபடி கலைத்துவிட்டுக் கடைசியில் அவரவர் ஜோடியிடம் எப்படிக் கொண்டுவருகிறார்? சிலர் முழு வரிசையையும் வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்து வருவார்கள். சிலர் துண்டு துண்டாகத் தயார் செய்து மேடையில் கோப்பார்கள். தேர்ந்தவர்கள் கண்ணால் பார்த்தே அழைப்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு சதுரத்தைத் தேர்ந்து, அதில் இரண்டு ஜோடிகளை மனத்தில் குறித்துக்கொள்வார்கள்: சிவப்புச் சட்டைக்காரருக்கு நீலப் பாவாடைக்காரி, நரைமுடிக்காரருக்கு மஞ்சள் ஸ்கார்ஃப். பிறகு இஷ்டம் போலக் கலைப்பார்கள். முடிக்க வேண்டிய நேரம் வந்ததும், சிவப்புச் சட்டையை நீலப் பாவாடைக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். அடுத்து நரைமுடிக்காரரும் தன் ஜோடியைச் சேரும்படி ஓர் அழைப்பு. இரண்டு ஜோடிகள் சரியான வரிசையில் அமைந்துவிட்டால் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். உடனே ‘அலமாண்ட் லெஃப்ட்!’ என்று குரல் உயரும். இடது கையை நீட்டினால் எதிரே நிற்பது நம்முடைய கார்னர், அதாவது ஆட்டத் தொடக்கத்தில் நம் ஜோடி நிற்காத மறுபக்கத்தில் நின்றவர். ஹாலில் இருக்கும் எல்லாச் சதுரங்களிலும் ஒரே நொடியில் இது நடக்கும். ஒரு சதுரத்தைப் பார்த்து அழைத்தால் மற்ற எல்லாச் சதுரங்களும் ஏன் சரியாக வருகின்றன? எல்லோரும் ஒரே விளக்கத்தை ஆடுவதால்தான்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும் சதுரமே குழம்பிவிட்டால்? அதற்காகத்தான் அனுபவசாலிகள் இரண்டு மூன்று சதுரங்களைக் குறித்து வைப்பார்கள். குழம்பிய சதுரத்தையும் அம்போ என்று விட மாட்டார்கள். அதில் ஆடுகிறவர்கள் தங்கள் ஜோடியோடு எதிரெதிர் வரிசைகளாக நின்று காத்திருப்பார்கள். அழைப்பாளர் மற்றவர்களையும் அதே அமைப்புக்குக் கொண்டுவந்து, இவர்களை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வார். யார் பிசகினார் என்று பேச்சே எழாது.

இப்படிக் கலைத்து ஆடுவதற்குப் பேட்டர் என்று பெயர். அது முடிந்ததும் பாட்டு வரும். அழைப்பாளர் மக்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே, வரிகளுக்கு இடையில் அழைப்புகளை நுழைப்பார். இதன் கட்டுமானம் கச்சிதமானது. ஒரு சுற்றுக்கு 64 தாளம், மொத்தம் ஏழு சுற்று. முதல் சுற்று, நடுச் சுற்று, கடைசிச் சுற்று மூன்றும் பொது. மீதி நான்கில் இரண்டு ஹெட்ஸுக்கு, இரண்டு சைட்ஸுக்கு. அந்த நான்கு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஜோடி மாறிக்கொண்டே போய், நான்காவது முடியும்போது சொந்த ஜோடி திரும்பக் கிடைக்கும். மூன்றரை நிமிடத்துக்குள் எல்லோரோடும் ஆடி முடித்திருப்போம். எங்கள் கிளப்பில் அழைக்கும் பெண்மணி அந்தக் கடைசிச் சுற்றில் குரலைக் கொஞ்சம் தணித்துப் பாடுவார். ஹாலே கூடப் பாடும்.

இந்தத் திறமையெல்லாம் தானாக வருவதில்லை. அழைப்பாளர்களுக்கென்று பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில் பாட்டுப் போடுவதற்கான உரிமம், காப்பீடு போன்றவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்குப் பகலில் வேறு வேலை. முழுநேரத் தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து முதியவர்கள் வந்து தங்கும் அரிசோனா, டெக்சாஸ் குடியிருப்புகளில் அவர்களுக்கு நல்ல கிராக்கி. மற்ற நாட்களில் ஊர் ஊராகக் காரில் போய் அழைத்துவிட்டு நள்ளிரவில் திரும்ப வேண்டிய வாழ்க்கை. கிளப் கொடுக்கும் தொகை அவர்கள் உழைப்புக்கு ஈடாகாது என்றுதான் நினைக்கிறேன்.

வேலை நிமித்தமாக ஜெர்மனி போயிருந்தபோது ஒரு சிற்றூர் கிளப்புக்குப் போனேன். அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக அங்கே பரவிய ஆட்டம் இது. இப்போது முழுக்க ஜெர்மானியர்கள் நடத்துகிறார்கள். பேச்சு, அறிவிப்பு, கிண்டல் எல்லாம் ஜெர்மன் மொழியில். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இசை தொடங்கியது, ‘ஹெட்ஸ் ஸ்கொயர் த்ரூ ஃபோர்’ என்றார் அழைப்பாளர். அந்த நிமிடத்திலிருந்து எல்லாம் புரிந்தது. உலகெங்கும் அழைப்புகள் ஆங்கிலத்திலேயே இருப்பதால், ஜப்பானிலும் சுவீடனிலும் இதே கதைதான். ஜப்பானுக்கு இதைக் கொண்டுபோனவர் போருக்குப் பிறகு நாகசாகியில் பணியாற்றிய வின்ஃபீல்ட் நிப்லோ என்ற அமெரிக்கக் கல்வி அதிகாரி. அணுகுண்டு விழுந்த ஊரில், சிறிது காலத்துக்கு முன்வரை எதிரிகளாக இருந்தவர்கள் கைகோத்து ஆடியிருக்கிறார்கள்.

விளக்கத்தில் ஆண், பெண் இல்லை என்று முன்னே சொன்னேன். எல்லா அழைப்புகளும் அப்படி இல்லை, சிலவற்றில் ‘பாய்ஸ்’, ‘கேர்ள்ஸ்’ என்று வரும். ஆனால் அவையும் சதுரத்தில் இடத்தைக் குறிப்பவை என்று எடுத்துக்கொண்டு, யாரும் எந்தப் பக்கமும் ஆடலாம் என்பதை நடைமுறையில் காட்டியவை தன்பாலின விருப்பமுள்ளோரின் கிளப்புகள். அவற்றின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1983-இல் உருவானது. இன்று மற்ற கிளப்புகளிலும் இரண்டு பெண்கள் ஜோடியாக ஆடுவது சாதாரணம். என்னைப் போல் தனியாக வருபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இனி எனக்குக் கவலை தரும் விஷயம். பட்டியல் இந்த ஆட்டத்தைக் காப்பாற்றியது உண்மை. அதே பட்டியல் இப்போது வாசலில் பாறையாகக் கிடக்கிறது. மெயின்ஸ்ட்ரீமும் பிளஸ்ஸும் கற்க, வாரம் ஒரு வகுப்பு என்றால் ஒரு வருடம் போல ஆகிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) உள்ள டெக் ஸ்கொயர்ஸ் கிளப் இரண்டையும் ஒரே பருவத்தில் கற்றுக்கொடுக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் எம்.ஐ.டி. மாணவர்கள் கிடைப்பார்களா? குழந்தையும் வேலையும் வைத்திருக்கும் முப்பது வயதுக்காரரிடம் ஒரு வருடம் கேட்டால் அவர் எப்படி வருவார்? கிளப்புகளில் தலைகள் நரைத்துக்கொண்டே போகின்றன. பல கிளப்புகள் மூடியே விட்டன.

காலர்லேப் இதைப் பார்க்காமல் இல்லை. சோஷியல் ஸ்கொயர் டான்சிங் என்ற பெயரில் சுமார் 50 அழைப்புகளோடு ஒரு சிறிய பட்டியலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் கற்றுவிடலாம். அதன் பிறகு படித்தது போதும், ஆடிக்கொண்டே இருக்கலாம் என்பது திட்டம். பழைய ஆட்டக்காரர்கள் சிலருக்கு இதில் உடன்பாடு இல்லை. தரம் குறைந்துவிடும் என்கிறார்கள். அவர்கள் இத்தனை வருடம் உழைத்துக் கற்றது வீணாகுமோ என்ற வருத்தமும் அதில் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஐம்பது அழைப்புகளே போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்விங் த்ரூ என்ற ஓர் அழைப்பை இடம் மாற்றி, திசை மாற்றி, எத்தனை விதமாக ஆட வைக்க முடியும் என்று பார்த்த பிறகு, பட்டியல் நீளமாக இருந்தால்தான் சுவை என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. சிறிய பட்டியலை வைத்து ஹாலைக் கட்டிப்போடுவதற்கு இன்னும் தேர்ந்த அழைப்பாளர் வேண்டும். அவர்களைப் பயிற்றுவிப்பதில் கிளப்புகள் பணத்தைப் போட வேண்டும்.

எங்கள் கிளப் வருகிற செப்டம்பர் வகுப்பைச் சிறிய பட்டியலோடு தொடங்க முடிவு செய்திருக்கிறது. புதியவர்கள் தடுமாறாமல் இருக்க ஒவ்வொரு சதுரத்திலும் பழக்கப்பட்டவர்கள் சிலர் சேர்ந்து ஆடுவோம், எங்களுக்கு ஏஞ்சல் என்று பெயர். நான் பெயர் கொடுத்துவிட்டேன். நியூ ஜெர்சிப் பக்கம் இருக்கும் தமிழ் நண்பர்கள் யாராவது வருவதாக இருந்தால் ஜோடி தேட வேண்டாம், நடன அனுபவமும் வேண்டாம். வழுக்காத செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு வந்தால் போதும்.